திறமை குறைந்த மேலாளரின் கீழ் வேலை பார்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனங்களில் மெர்ச்சண்டைசராகவும் (வாங்குநருக்கும் தொழிற்சாலைக்கும் நடுவே நின்று ஆர்டரைக் கவனிப்பவர்), பிறகு உற்பத்தித் திட்டமிடல் பிரிவிலும் 22 ஆண்டுகள் வேலை பார்த்திருக்கிறேன். ஒன்பது மேலாளர்களின் கீழ் இருந்திருக்கிறேன். அவர்களில் மூவருக்கு அந்த வேலை தெரியாது. புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளும், கோவை, ஈரோடு, கரூர்ப் பக்கம் வேலை பார்க்கும் நண்பர்களும் இதுபற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு என் பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன்.

என் மேலாளருக்கு உண்மையிலேயே திறமை இல்லையா, அல்லது எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறதா?

இந்தக் கேள்வியை முதலில் கேட்டுக்கொள்ளாமல் மற்ற எதற்கும் போகக் கூடாது. நம் தொழிலில் யாராலும் தடுக்க முடியாத இடிகள் அவ்வப்போது விழுகின்றன. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூரின் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது, கெட்டிக்கார மேலாளர்களும் துணிக்குச் சாயம் போட வெளியூர் தேடி அலைந்தார்கள். அனுப்பும் தேதிகள் எல்லோருக்குமே தவறின. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் மீதான வரியை 50 சதவீதமாக உயர்த்தியபோதும் அப்படித்தான்: நேற்றுவரை உறுதியாக இருந்த ஆர்டர் இன்று நிறுத்தி வைக்கப்பட்டால், அதற்கு உற்பத்தி மேலாளரைக் குறை சொல்வது நியாயமாகாது. நூல் விலை ஏறுவதும், மின்சாரம் போவதும், தீபாவளிக்கு ஊருக்குப் போன வட மாநிலத் தொழிலாளர்கள் திரும்பி வரத் தாமதமாவதும் இதே வகை.

திறமைக்குறைவு வேறு. ஒரே தவறு, வெளிக்காரணம் எதுவும் இல்லாமல், மூன்றாவது நான்காவது முறையாக நடக்கும். சாயம் போட்டு வந்த துணியின் சுருக்கத்தைச் சோதிக்காமல் கட்டிங்குக்கு அனுப்பி ஓர் ஆர்டரில் அளவு குறைந்தது என்றால் அது தவறு. அடுத்த ஆர்டரிலும் அதற்கடுத்ததிலும் அதே நடந்தும் சோதனையை வழக்கமாக்கவில்லை என்றால் அதுதான் திறமைக்குறைவு. இன்னோர் அடையாளமும் உண்டு. தெரியாததைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் மேலாளரை நான் திறமையற்றவர் என்று சொல்ல மாட்டேன், அவர் எத்தனை கேள்வி கேட்டாலும் சரி. கேட்பதைக் கௌரவக் குறைவாக நினைப்பவரிடம்தான் சிக்கல் தொடங்குகிறது.

ஆகவே யாரிடமும் வாய் திறப்பதற்கு முன் ஒரு மாதம் நோட்டில் குறித்துப் பாருங்கள்: தேதி, என்ன முடிவு, யார் எடுத்தது, என்ன ஆயிற்று. மாத முடிவில் சில வரிகள் உங்கள் பெயரிலேயே இருக்கும். எனக்கு அப்படித்தான் இருந்தது. அந்த வரிகளை முதலில் சரிசெய்த பிறகுதான் மற்றவற்றை மனச்சாட்சியோடு பேச முடிந்தது.

வேலை தெரியாதவர் அந்த நாற்காலிக்கு எப்படி வருகிறார்?

பெரும்பாலும் வேறொரு வேலையை மிக நன்றாகச் செய்ததால் வருகிறார். கொங்கு நாட்டுத் தொழில்கள் கைவேலையிலிருந்து வளர்ந்தவை. 1930களில் பைக்காரா நீர்மின்சாரம் வந்த பின் கோவையில் மில்கள் பெருகின. மில் இயந்திரங்களைப் பழுதுபார்த்த பட்டறைகள் பின்னாளில் மோட்டாரும் பம்புசெட்டும் செய்யத் தொடங்கின. திருப்பூரிலும் இரண்டு பவர் டேபிளில் (மின்சாரத்தில் ஓடும் தையல் மேசை) தொடங்கி ஏற்றுமதி நிறுவனமாக வளர்ந்த குடும்பங்கள் உண்டு. அப்படி வளர்ந்த இடத்தில், துணியை ஒரு சாண்கூட வீணாக்காமல் வெட்டும் கட்டிங் மாஸ்டரை முதலாளி நம்புகிறார். நம்பிக்கையின் அடையாளமாக அவரையே மேலாளர் ஆக்குகிறார். வெட்டும் கைக்கு, நாற்பது பேரின் வேலையைப் பங்கிடவும், வாரக் கடைசியில் நான்கு ஆர்டர்களில் எதை முதலில் தள்ளுவது என்று முடிவெடுக்கவும் யாரும் கற்றுத்தரவில்லை.

இது நம் ஊருக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க நிறுவனங்களின் விற்பனைப் பணியாளர்களைப் பற்றிப் பொருளியலாளர் மூவர் 2019இல் வெளியிட்ட ஆய்வு, அதிகம் விற்றவர்களுக்கே பதவி உயர்வு கிடைத்ததையும், அப்படி உயர்ந்தவர்கள் மேலாளர்களாகச் சோபிக்காமல் அவர்களுக்குக் கீழே இருந்தவர்களின் விற்பனை குறைந்ததையும் காட்டியது. இதைத் தெரிந்துகொள்வதில் ஒரு நன்மை இருக்கிறது. மேலாளரின் குறை அவருடைய குணக்கேட்டால் வந்ததன்று, பழக்கம் இல்லாத வேலையில் அவரை உட்காரவைத்ததால் வந்தது என்று புரிந்தால், மனத்தில் உள்ள கசப்பு பாதி இறங்கிவிடுகிறது. அவர் எதில் கெட்டிக்காரர் என்றும் கண் தேடத் தொடங்குகிறது. எனக்கு மேலே இருந்த ஒருவருக்குத் திட்டமிடவே வராது. ஆனால் துணியைத் தொட்டுப் பார்த்தே அதன் எடையில் உள்ள குறையைச் சொல்லிவிடுவார். துணி வந்த அன்று அவரை முன்னே நிறுத்துவதும், தேதிகளை நான் பார்த்துக்கொள்வதும் என்று மெல்ல மெல்லப் பழகிய பின் அந்தப் பிரிவு ஓரளவு ஓடியது.

என் மேலாளர் முடிவே எடுப்பதில்லை. "பார்க்கலாம்" என்று சொல்லி நாள்களைக் கடத்துகிறார். என்ன செய்வது?

முடிவெடுக்கத் தயங்குபவரிடம் திறந்த கேள்வியைக் கொண்டுபோகாதீர்கள். "சார், சாயத்துக்கு என்ன செய்யலாம்?" என்று கேட்டால், அவருக்குத் தெரியாத நான்கு விஷயங்களை அவர் யோசிக்க வேண்டியிருக்கிறது, அச்சத்தில் "பார்க்கலாம்" என்கிறார். அதையே முக்கால் பங்கு முடித்துக் கொண்டுபோங்கள். "பெருந்துறைப் பட்டறையில் வெள்ளிக்கிழமை தருகிறார்கள், கிலோவுக்கு மூன்று ரூபாய் கூடுதல். வழக்கமான பட்டறையில் செவ்வாய்க்கிழமைதான் கிடைக்கும், அப்படியானால் கட்டிங் நான்கு நாள் தள்ளிப்போகும், தூத்துக்குடிக்கு வண்டி ஏற்றும் தேதி தவறும். பெருந்துறைக்கே கொடுத்துவிடட்டுங்களா?" என்று கேட்டால் அவர் சொல்ல வேண்டியது ஒரு சொல்தான்.

இதில் கூலி, நாள், விளைவு மூன்றும் இருப்பதைக் கவனியுங்கள். அவர் மேலிடத்தில் பதில் சொல்ல வேண்டியவர். முதலாளி கேட்டால் சொல்வதற்கான காரணத்தையும் நீங்களே கையில் கொடுத்துவிடுகிறீர்கள். அச்சப்படுபவருக்கு அறிவுரையைவிட இந்தக் காரணம்தான் உதவுகிறது.

அடுத்தது, நேரம். மதியம் பன்னிரண்டு மணிக்கு, மூன்று பேர் சுற்றி நிற்கும்போது கேட்டால் யாருக்கும் முடிவு வராது. காலையில் மெஷின்கள் ஓடத் தொடங்குவதற்கு முன் பத்து நிமிடம், தினமும் ஒரே நேரத்தில், இரண்டே கேள்விகளோடு போய் நில்லுங்கள். சில வாரங்களில் அவரும் அந்த நேரத்தை எதிர்பார்க்கத் தொடங்குவார். அவ்வளவு செய்தும் பதில் வராவிட்டால், உங்கள் அதிகார எல்லைக்குள் இருக்கும் வேலைக்கு மட்டும் இப்படிச் சொல்லலாம்: "இன்று மாலை ஐந்து மணிக்குள் நீங்கள் வேண்டாம் என்று சொல்லாவிட்டால் இப்படியே செய்துவிடுகிறேனுங்க." பணம் கொடுப்பது, ஆர்டரை ஒப்புக்கொள்வது, ஆள்களை நிறுத்துவது போன்றவற்றுக்கு இந்த வழி கூடவே கூடாது.

தவறு என்று எனக்குத் தெரிகிற ஓர் உத்தரவைத் தருகிறார். கீழ்ப்படிவதா, மறுப்பதா?

என் வாழ்க்கையில் நான் மிகவும் வருந்திய சம்பவம் இதில்தான் நடந்தது. ஒரு குழந்தைகள் ஆடை ஆர்டர். உற்பத்திக்கு முந்தைய மாதிரியை வாங்குநருக்கு அனுப்பிவிட்டு ஒப்புதலுக்குக் காத்திருந்தோம். மேலாளர் கட்டிங்கைத் தொடங்கச் சொன்னார். "ஏனுங்க சார், அப்ரூவல் இன்னும் வரலீங்க. கழுத்தளவு மாத்தச் சொல்லிட்டாங்கன்னா வெட்டுன துணிய என்னங்க பண்றது?" என்று கேட்டேன். "அதெல்லாம் ஒண்ணும் மாத்த மாட்டாங்க, போடச் சொல்லுங்க, நான் பாத்துக்கறேன்" என்றார். நான் போய்ச் சொன்னேன், வெட்டினார்கள். மூன்றாம் நாள் கழுத்தளவை மாற்றச் சொல்லி மின்னஞ்சல் வந்தது. முதலாளியின் அறையில் மேலாளர் என்னைப் பார்த்து, "இவர் ஒப்புதல் வந்துவிட்டது என்று சொன்னதாக நினைத்தேன்" என்றார். என்னிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

அன்றிலிருந்து நான் கடைப்பிடித்த முறை இது. தவறென்று பட்டால் ஒருமுறை, தனியாக, மரியாதையாக, விளைவை எண்ணிக்கையோடு சொல்வேன். கேட்கவில்லை என்றால் வாதாட மாட்டேன். வெளியே வந்ததும் ஒரு செய்தி அனுப்புவேன்: "சார், நீங்கள் சொன்னபடி 4,000 பீஸுக்கான கட்டிங்கை இன்று தொடங்குகிறோம். மாதிரிக்கான ஒப்புதல் இன்னும் வரவில்லை. முதலில் ஒரு லேயரோடு (ஓர் அடுக்குத் துணியோடு) நிறுத்தி, பதில் வந்ததும் மீதியைப் போடலாம் என்றாலும் சரி, சொல்லுங்கள்." அந்தக் கடைசி வாக்கியம் முக்கியம், அது அவர் முகம் வாடாமல் பின்வாங்குவதற்கு ஒரு வாசலைத் திறந்து வைக்கிறது. இப்படி எழுதத் தொடங்கிய பின் அவருடைய உத்தரவுகளில் பல, செய்தி போன அரைமணி நேரத்துக்குள் மாறின. எழுத்தில் பார்க்கும்போது தவறு அவர் கண்ணுக்கே தெரிந்தது.

எழுதி அனுப்பினால், தன்னை மாட்டிவிடப் பார்க்கிறேன் என்று நினைக்க மாட்டாரா?

தவறான உத்தரவுக்கு மட்டும் எழுதினால் நிச்சயம் நினைப்பார். ஆகவே எல்லாவற்றையும் எழுதுங்கள். நல்ல முடிவுகளையும், சாதாரண விஷயங்களையும், நீங்கள் செய்து முடித்ததையும். தினமும் மாலை நான்கு வரிகள் போதும். முதலாளிக்கு நகல் போடாதீர்கள்.

அவருடைய வேலையையும் சேர்த்து நானே செய்கிறேன். இது நல்லதா?

ஓர் ஆர்டரைக் காப்பாற்ற ஒரு வாரம் செய்தால் நல்லது. ஓர் ஆண்டு செய்தால், மேலே இருப்பவர்களுக்கு அந்தப் பிரிவில் குறை இருப்பதே தெரியாமல் போகிறது. உங்கள் உழைப்பு அவருடைய திறமையாகக் கணக்கில் ஏறுகிறது. உங்களை அந்த இடத்திலிருந்து நகர்த்தவும் அவர் விட மாட்டார். நான் இரவு பத்து மணிவரை உட்கார்ந்து அவருடைய வார அறிக்கையைத் தயாரித்த மாதங்கள் உண்டு. அதனால் எனக்குக் கிடைத்தது இரைப்பைப் புண்ணும், மகளின் பள்ளி ஆண்டுவிழாவுக்குப் போகாத வருத்தமும்தான்.

எதைத் தாங்க வேண்டும், எதை விட வேண்டும் என்பதற்கு நான் ஓர் அளவுகோல் வைத்திருக்கிறேன்: அவர் தவறினால் அந்த நட்டம் யார் மேல் விழுகிறது? பனியன் கம்பெனியில் பீஸ் ரேட்டுக்கு, அதாவது தைத்த எண்ணிக்கைக்கு ஏற்ற கூலிக்குத் தைக்கும் டெய்லருக்கு, துணி வராமல் லைன் (தையல் மெஷின் வரிசை) நின்றால் அன்றைய கூலி இல்லை. நூல் கலர் மாறியதால் பிரித்துத் தைத்தால், அதே பீஸுக்கு இரண்டாவது கூலி கிடையாது. பல்லடம் பக்கம் இருந்து கம்பெனி பஸ்ஸில் வந்து, மாலைவரை சும்மா உட்கார்ந்துவிட்டுத் திரும்பும் பெண்களை நான் பார்த்திருக்கிறேன். மேலாளரின் கவனக்குறைவுக்கு மாதச் சம்பளக்காரர்களான நாம் மனவருத்தத்தைக் கொடுக்கிறோம். அவர்கள் வீட்டு அரிசியைக் கொடுக்கிறார்கள். அவர்களுடைய கூலியில் போய் முட்டும் தவறு என்றால், என் வேலை இல்லை என்று ஒதுங்காமல் கைகொடுங்கள். நட்டம் மேலாளரின் பெயரோடு நிற்கும் என்றால், அறிக்கை தாமதமாவது, கூட்டத்தில் பதில் தெரியாமல் நிற்பது போன்றவற்றை, அவரே சுமக்கட்டும்.

எனக்குக் கீழே இருப்பவர்கள் அவரைப் பற்றிக் கேட்கும்போது என்ன சொல்வது?

டீக்கடையில் அவரைப் பேசிச் சிரிப்பதில் கொஞ்ச நேரம் ஆறுதல் கிடைக்கும். ஆனால் லைனில் ஒழுங்கு குலையும், நீங்கள் சொல்வதையும் நாளைக்கு அப்படியே பேசுவார்கள். அதற்காக எல்லாம் நன்றாக இருக்கிறது என்று பொய்யும் சொல்ல வேண்டாம். "துணி நாளைக்குத்தான் வருதுங்க, இன்னைக்கு உங்களுக்கு நட்டம்தான், வேற ஆர்டர் இருந்தா மாத்தி விடறேன்" என்று உண்மையை மட்டும் சொல்லுங்கள். யாரால் தாமதம் என்பது அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

அவர் முதலாளியின் உறவினர். முதலாளியிடம் பேசலாமா?

கொங்குப் பகுதியின் நிறுவனங்கள் பலவற்றில் இதுதான் கேள்வியின் மையம். மச்சினரோ, மருமகனோ, பங்காளி மகனோ மேலாளராக இருக்கும்போது, அவரைப் பற்றிய புகார் அலுவலகப் புகாராக மட்டும் நிற்பதில்லை; அது அன்றிரவே வீட்டுக்குள் போய்விடுகிறது. முதலாளியின் நிலையையும் எண்ணிப் பாருங்கள். மருமகனுக்கு வேலை தெரியவில்லை என்பது பெரும்பாலும் அவருக்கு உங்களுக்கு முன்பே தெரியும். அதை நீங்கள் வாய்விட்டுச் சொல்லும்போது, அவர் குடும்பத்தைக் காத்து உங்களைத் தள்ளுவதைத் தவிர வேறு வழி இல்லாத நிலைக்கு அவரைக் கொண்டுபோய்விடுகிறீர்கள்.

ஆளைப் பற்றிப் பேசாமல் வேலையைப் பற்றிப் பேசினால் வழி உண்டு. "அவருக்கு வேலை தெரியவில்லை" என்பதும், "கடந்த ஆறு ஆர்டரில் நான்கில், மாதிரி ஒப்புதலுக்கு முன்னால் கட்டிங் போட்டிருக்கிறோம். அதில் இரண்டை விமானத்தில் அனுப்ப வேண்டியதாயிற்று. ஒப்புதல் தாள் இல்லாமல் கட்டிங் ரூமில் துணி இறக்கக் கூடாது என்று ஒரு விதி வைத்தால் நன்றாக இருக்குமுங்க" என்பதும் ஒரே விஷயம்தான். ஆனால் இரண்டாவதில் யார் பெயரும் இல்லை, செலவு இருக்கிறது, செய்யக்கூடிய ஒரு மாற்றம் இருக்கிறது. கப்பலில் போக வேண்டிய சரக்கு விமானத்தில் போனால் அந்த ஆர்டரின் லாபம் எங்கே போகும் என்று முதலாளிக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. முடிந்தால் மேலாளரிடமே முதலில் அந்த யோசனையைச் சொல்லி, அவர் வாயாலேயே முதலாளியிடம் போகச் செய்யுங்கள். பெயர் அவருக்குப் போகட்டும். விதி வந்தால் போதும்.

குடும்பத்தில் மூத்த கணக்குப்பிள்ளை போன்ற ஒருவர் சில நிறுவனங்களில் இருப்பார். முதலாளியின் அப்பா காலத்திலிருந்து இருப்பவர், யாரும் அவரைத் தட்டிப் பேசுவதில்லை. அவரிடம் ஆலோசனை கேட்பது புகார் ஆகாது. எப்போது பேசலாம், எப்போது வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

பாதுகாப்பில் அலட்சியம் காட்டுகிறார், அல்லது பொய்க் கணக்கு எழுதச் சொல்கிறார் என்றால்?

மேலே சொன்ன பொறுமை, நயம், காத்திருப்பு எதுவும் இங்கே பொருந்தாது. சாயப்பட்டறையின் கழிவுநீர்த் தொட்டிக்குள், காற்றைச் சோதிக்காமல், "இரண்டே நிமிட வேலை" என்று ஆளை இறக்கச் சொல்கிறாரா? இறக்காதீர்கள். அங்கே தேங்கும் நச்சுவாயு ஒரே மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும். அவரைக் காப்பாற்ற இறங்குபவரும் சாய்வார். வார்ப்படச் சாலையில் ஈரம் காயாத வாளியில் உருகிய இரும்பை ஊற்றச் சொன்னால், அந்த ஈரம் நொடியில் நீராவியாகி வெடித்து உலோகத்தைத் தெறிக்கவைக்கும். கொதிகலனின் பாதுகாப்பு வால்வைக் கட்டி வைப்பதும், தணிக்கைக்காக இரண்டாவது வருகைப் பதிவேடு எழுதுவதும் இதே பட்டியலில் சேரும். "இதை என்னால் செய்ய முடியாதுங்க" என்று தெளிவாகச் சொல்லி, எழுத்தில் பதிந்து, அன்றே முதலாளிக்கோ, நிறுவனத்தின் பாதுகாப்பு அலுவலருக்கோ தெரிவியுங்கள். அங்கும் செவிசாய்க்கவில்லை என்றால் தமிழ்நாடு அரசின் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்திடம் முறையிடலாம். வேலை போனால் வேறு வேலை தேடிக்கொள்ளலாம்.

வேலை தெரியாததோடு, எல்லார் முன்னிலையிலும் திட்டவும் செய்கிறார். புகார் கொடுக்க வழி உண்டா?

அது திறமைக்குறைவு அன்று, அத்துமீறல். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. 2020ஆம் ஆண்டின் தொழிலுறவுச் சட்டத் தொகுப்பின்படி 20 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் உள்ள நிறுவனத்தில் குறைதீர்க்கும் குழு இருக்க வேண்டும்; அதில் நிர்வாகத்துக்கும் தொழிலாளர்களுக்கும் சமமான இடம் உண்டு. ஆனால் மேற்பார்வைப் பணியில் மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் ஊதியம் வாங்குபவர்கள் அந்தச் சட்டத்தின் பார்வையில் தொழிலாளர் ஆக மாட்டார்கள் என்பதையும் மனத்தில் வையுங்கள். பெண்களிடம் பாலியல் நோக்கோடு பேசுவதோ நடப்பதோ என்றால், 2013ஆம் ஆண்டின் சட்டப்படி 10 அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு கட்டாயம்; அதற்குக் குறைவான ஆள்கள் உள்ள இடத்தில் இருப்பவர்களும், முதலாளியின் மீதே புகார் உள்ளவர்களும் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போகலாம். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்துப்பூர்வமாகக் கொடுக்க வேண்டும்.

எப்போது வேலையை விட வேண்டும்? எப்படி?

கற்றுக்கொள்வது நின்றுபோனால் விடலாம். அவருடைய பழக்கங்கள் உங்களுக்குத் தொற்றத் தொடங்கினால், அதாவது நீங்களும் சோதிக்காமல் அனுப்பி, கேட்டால் அடுத்தவர் பெயரைச் சொல்லத் தொடங்கினால், உடனே விட வேண்டும். நான் ஒரு நிறுவனத்தை விட்டது அப்படித்தான். ஒரு நாள் செக்கிங்கில் வேலை பார்த்த சிறுபெண் மீது, என் தவறு என்று தெரிந்தே, பழியைத் தள்ளினேன். அன்று மாலை அவளிடம் போய்ச் சொன்னேன், மறுநாள் மேலாளரிடமும் சொன்னேன். அடுத்த மாதம் வெளியே வந்தேன்.

வெளியேறுவதற்கு முன், கையில் அடுத்த வேலை இருக்கட்டும். திருப்பூரும் கோவையும் தொழிலில் சின்ன ஊர்கள். புதிய இடத்தில் பழைய மேலாளரைப் பற்றி ஒரு சொல் பேசினாலும் அது பத்து நாளில் திரும்பி வந்து சேரும். வேலைக்குச் சேர்ந்து ஐந்து ஆண்டு நெருங்குகிறது என்றால் பணிக்கொடையை எண்ணிப் பாருங்கள்: ஐந்து ஆண்டு தொடர்ந்து பணியாற்றிய நிரந்தரப் பணியாளருக்கு, கடைசி மாத அடிப்படை ஊதியத்தையும் பஞ்சப்படியையும் 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, பணியாற்றிய ஆண்டுகளால் பெருக்கினால் வரும் தொகை உரியது. சில வாரம் பொறுத்தால் அது கிடைக்கும் என்றால் பொறுப்பதே நல்லது. வருங்கால வைப்பு நிதியை எடுத்துச் செலவழிக்காமல் அதே எண்ணில் புதிய நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஓய்வூதியத்துக்குப் பத்து ஆண்டுச் சேவை வேண்டும்.

கடைசி வாரத்தில், ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வோர் ஆர்டருக்கும் ஒரு பக்கம் எழுதி வையுங்கள்: துணி எங்கே, எந்த மாதிரிக்கு ஒப்புதல் வரவில்லை, பட்டன் யாரிடம் சொல்லியிருக்கிறது, எந்தத் தேதி நெருக்கடி. அதன் ஒரு நகலை மேலாளரிடம் கொடுங்கள், இன்னொன்றை லைன் சூப்பர்வைசரிடம் கொடுங்கள். நீங்கள் போன மறுநாளும் காலையில் பஸ் வரும், அந்தப் பெண்கள் இறங்கி வருவார்கள். அவர்களுக்கு அன்று தைக்கத் துணி இருக்க வேண்டும்.